அப்பத்தாவின் விரிப்பு: எடுத்து வைப்பதா, விரித்துப் படுப்பதா?

பாம்பன் கயல்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு சின்ன விஷயம் பெரிய பேச்சாகிவிட்டது. துணியிலும் தையலிலும் கதைகளிலும் ஈடுபாடு உள்ளவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

போன ஐப்பசியில் அப்பத்தா தவறிவிட்டார். அவருடைய டிரங்குப் பெட்டியைப் பிரித்தபோது அடியில் ஒரு விரிப்பு இருந்தது. பழஞ்சீலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்திலிருந்து ஓரம்வரை நெருக்கமாக இழையோட்டித் தைத்தது. ஆறடி நீளம், நாலடி அகலம் இருக்கும். நடுவில் கனம் அதிகம், ஏழெட்டு மடிப்பாவது இருக்க வேண்டும். நைந்த இடங்களில் எல்லாம் வேறு வேறு துணியில் ஒட்டுப் போட்டிருக்கிறார். சில இடங்களில் தையல் நூல் தீர்ந்துபோய் வலை நூலாலேயே தைத்திருக்கிறார். நானும் அண்ணனும் தவழ்ந்தது அதில்தான் என்று அம்மா சொல்கிறார்.

மதினிக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகிறது. "அப்பத்தா விரிப்புலயே பிள்ளையைப் போடலாமே" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். பிள்ளை நனைக்கும், துவைக்க வேண்டும், இந்த உப்புக் காற்றில் காயப்போட வேண்டும். பத்துத் துவைப்பு தாங்குமா? அண்ணன் மதினி பக்கம். அம்மா வாய் திறக்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

தொண்டி வாசகன்

கயல், உங்கள் வீட்டுப் பேச்சு அப்படியே ஒரு சிறுகதையில் இருக்கிறது. ஆலிஸ் வாக்கர் எழுதி 1973-இல் வந்த 'எவ்ரிடே யூஸ்'. அமெரிக்கத் தெற்கில் ஒரு கறுப்பினத் தாயும் இரண்டு மகள்களும். மூத்தவள் டீ படித்து வெளியூர் போனவள். இளையவள் மேகி, வீடு தீப்பிடித்தபோது பட்ட காயத் தழும்போடு அம்மாவுடனேயே இருப்பவள். பாட்டி ஒட்டுத் துணிகளைச் சேர்த்து, பிறகு அம்மாவும் சித்தியும் தைத்து முடித்த இரண்டு குவில்டுகள், அதாவது ஒட்டுத் துணிப் போர்வைகள், பெட்டியில் இருக்கின்றன. டீ வந்து, அவற்றைச் சுவரில் மாட்டப்போகிறேன், கொடு என்கிறாள். மேகிக்குக் கல்யாணத்துக்குத் தருவதாகச் சொல்லிவிட்டேனே என்கிறாள் அம்மா. மேகி அதைத் தினமும் போர்த்தியே கிழித்துவிடுவாள் என்று டீக்குக் கோபம்.

அந்தக் குவில்டில் தீப்பெட்டி அளவுக்கு வெளிறிய நீலத் துண்டு ஒன்று உண்டு. உள்நாட்டுப் போரில் கொள்ளுத் தாத்தா போட்டிருந்த சீருடையின் துண்டு. டீ கேட்பது அந்த வரலாற்றைத்தான், அதில் தப்பில்லை. ஆனால் அவள் காலேஜுக்குப் போகும்போது அம்மா ஒரு குவில்டைக் கொடுத்தபோது, பழைய மோஸ்தர் என்று வேண்டாம் என்றவளும் அவளேதான். கடைசியில் அம்மா அவள் கையிலிருந்து பிடுங்கி மேகி மடியில் போடுகிறாள். மேகிக்குக் குவில்டு தைக்கத் தெரியும், அதுதான் அம்மா சொல்லும் காரணம். கிழிந்தால் இன்னொன்று தைத்துக்கொள்வாள்.

உங்களை டீ என்று சொல்ல வரவில்லை, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு கேள்விதான். உங்கள் வீட்டில் அந்த விரிப்பைத் தைக்கத் தெரிந்தவர்கள் இப்போது யார்?

பாம்பன் கயல்

அண்ணா, தவறாக எடுக்கவில்லை. ஆனால் உறைத்தது. அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் மதினிக்கும் தெரியாது.

ஓலைக்குடா செல்வி

எனக்குக் கதையெல்லாம் தெரியாது தங்கச்சி. சீலை தெரியும்.

நான் பாசி எடுக்கிறவள். தீவுப் பக்கம் கல்லில் பாசி பிடுங்கும்போது விரல் அறுபடாமல் இருக்கத் துணி சுற்றிக்கொள்வோம். அதற்குப் புதுத்துணி உதவாது. நைலான் வழுக்கும். பல வருசம் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சீலையைக் கிழித்தால்தான் விரலோடு ஒட்டி நிற்கும். எங்கள் வீட்டில் ஒரு பருத்திச் சீலை முதலில் விசேஷத்துக்கு, அப்புறம் வீட்டுக்கு, அப்புறம் தொட்டில் கட்ட, அப்புறம் விரிப்புக்கு, கடைசியில் விரலுக்கு. விரலில் சுற்றியது கடலோடு போய்விடும். ஒரு சீலை எங்கே முடிந்தது என்று கேட்டால் எங்களால் சொல்ல முடியாது.

உங்கள் அப்பத்தா அதை மாட்டி வைக்கவா தைத்தார்? பிள்ளை படுக்கத் தைத்தார். உங்கள் மதினி கேட்பதில் எனக்கு எந்தக் குற்றமும் தெரியவில்லை. கண்ணாடிக்குள் வைத்தால் அந்தப் பிள்ளைக்கு அது யாருடைய வாசமும் இல்லாத ஒரு படம்.

பாம்பன் கயல்

அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் அப்பத்தாவின் கையெழுத்தென்று ஒரு வரிகூட எங்களிடம் இல்லை. அவருக்கு எழுதத் தெரியாது. ரேஷன் கார்டில் இருக்கும் கைநாட்டும் இந்தத் தையலும்தான் மிச்சம். அது கிழிந்து விரலில் சுற்றும் துணியாகிக் கடலில் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கீழக்கரை நிலா

கயல் கடைசியாகச் சொன்னதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் உம்மம்மா தைத்த விரிப்பும் இப்படித்தான். அவர் மூலையில் சிவப்பு நூலில் மூன்று குத்துத் தையல் போட்டுத்தான் முடிப்பார். வேறு யார் வீட்டுத் துணியோடு கலந்தாலும் அதை வைத்து அடையாளம் சொல்லிவிடுவோம்.

எனக்கு வெகுநாளாக மனதில் ஓடும் ஒன்றைச் சொல்கிறேன். குளிர் நாட்டுக் கதைகளில் வரும் குவில்டு மேலே போர்த்துவது. அதனால் அதற்கு அங்கே கதகதப்பு, பாதுகாப்பு, மூடி மறைத்தல், ரகசியம் என்றெல்லாம் பொருள் வந்து சேர்கிறது. நம் கரையில் யாருக்குப் போர்வை வேண்டும்? மார்கழி வாடைக்காற்றுக்கு ஒரு துப்பட்டி போதும். நமக்கு அது கீழே விரிப்பது. மணலுக்கும் உடம்புக்கும் நடுவில், சிமெண்டுத் தரைக்கும் பிள்ளையின் முதுகுக்கும் நடுவில் இருப்பது. பிள்ளைத்தாச்சி படுப்பதும் அதில்தான், குழந்தையை முதலில் கிடத்துவதும் அதில்தான். எங்கள் வீட்டில் மௌத்தானவரைக் கிடத்தவும் ஒரு முறை அதைத்தான் விரித்தார்கள். நம்மைத் தாங்குவது அது. இதே பொருளை வெளிநாட்டுக் கட்டுரைகளில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அவர்கள் அண்ணாந்து பார்த்து எழுதுகிறார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அங்கேயும் அது தரைக்கு வந்தது. எய்ட்ஸில் இறந்தவர்களுக்காகத் தைத்த நினைவுக் குவில்டு. 1987 அக்டோபர் 11-இல் வாஷிங்டனில் பெரிய புல்வெளியில் 1,920 துண்டுகளை விரித்தார்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு கபுரின், அதாவது சவக்குழியின் அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். இறந்தவரின் சட்டை, ஜீன்ஸ், கைக்குட்டை என்று அதிலேயே தைத்திருந்தார்கள். அடக்கம் செய்யவே தயங்கிய காலம் அது. ஜனங்கள் நடுவில் விட்ட பாதையில் குனிந்து படித்துக்கொண்டே நடந்தார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் வீட்டுத் தரைதான் ஞாபகம் வரும்.

உச்சிப்புளி தமிழய்யா

நிலா சொன்ன போர்வை, விரிப்பு வேறுபாடு மிகவும் சரி. நம் இலக்கியத்தில் ஒட்டுத் துணிக்கு என்ன இடம் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். முப்பத்திரண்டு வருடம் தமிழ் நடத்தியவன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கப் பாட்டான பொருநராற்றுப்படையில், கரிகாலனைப் பார்க்கப் போகும் பொருநன் என்ற கலைஞன் உடுத்தியிருந்ததைப் பற்றிச் சில வரிகள் வரும்.

"ஈரும் பேனும் இருந்து இறைகூடி
வேரொடு நனைந்து வேற்றிழை நுழைந்த
துன்னற் சிதாஅர் துவர நீக்கி"

ஈரும் பேனும் குடியிருந்து, வியர்வையில் நனைந்து, வேறு இழைகள் நுழைந்து தைக்கப்பட்ட கந்தல். துன்னல் என்றால் தையல், சிதாஅர் என்றால் கந்தை. கரிகாலன் அதைக் களைந்துவிட்டு, பாம்புச் சட்டை போன்ற, இழை போன வழி கண்ணுக்குத் தெரியாத மெல்லிய துணியைக் கொடுக்கிறான். பாட்டு அந்தப் புதுத்துணியில்தான் மயங்குகிறது. ஒட்டுத் துணி வறுமையின் அடையாளம், களைய வேண்டியது, அவ்வளவுதான்.

ஆனால் 'வேற்றிழை நுழைந்த' என்ற சொல்லைப் பாருங்கள். சொந்த இழை போய்விட்டது, வேற்று இழைதான் துணியைப் பிடித்து வைத்திருக்கிறது. புலவர் கிட்டத்தில் நின்று பார்க்காமல் அந்தச் சொல் வந்திருக்காது. யார் தைத்தார் என்று மட்டும் பாட்டு சொல்லவில்லை. பொருநனின் மனைவியாக இருக்கலாம், தாயாக இருக்கலாம். சிலப்பதிகாரம் புகார் நகரத் தெருவில் 'துன்ன காரரும் தோலின் துன்னரும்' என்று தொழில்முறைத் தையல்காரரைக் காட்டுகிறது. வீட்டுக்குள் கந்தையைத் தைத்த கை எங்கும் இல்லை.

பல நூற்றாண்டு கழித்துச் சேக்கிழார் அதைத் தலைகீழாகத் திருப்புகிறார். அடியார்களைப் பற்றி 'ஆரம் கண்டிகை, ஆடையும் கந்தையே' என்கிறார். அங்கே கந்தை குறை இல்லை, அவர்களே யாதும் குறைவிலார். பௌத்தத் துறவியின் சீவரம் என்னும் உடையும் துண்டு துண்டாக வெட்டித் தைத்ததுதான். மகத நாட்டு வயல்களின் வரப்பைக் காட்டி அதுபோல் தைக்கச் சொன்னார் புத்தர் என்று துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய நூல் சொல்கிறது. துறவி உடுத்தினால் கந்தைக்கு மரியாதை வந்துவிடுகிறது. கயலின் அப்பத்தா தைத்ததற்கு நம் இலக்கியத்தில் இன்னும் அந்த மரியாதை வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வங்கத்தில் வந்தது. ஜசீமுத்தீன் 1929-இல் எழுதிய 'நக்ஷி காந்தார் மாட்' ஒரு கிராமத்துப் பெண் கந்தைத் துணியில் தன் வாழ்க்கையையே தைத்து வைக்கும் கதை. பிரிந்து போன கணவன் திரும்பி வரவில்லை. நான் இறந்தால் இதை என் கபுரின் மேல் விரித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு இறக்கிறாள். அங்கே அந்தத் துணிக்குக் 'காந்தா' என்று பெயர். கந்தை என்ற நம் சொல்லோடு உறவுடைய சொல். அவர்களிடம் அது கலையின் பெயர், நம்மிடம் கிழிசலின் பெயர்.

பாம்பன் கயல்

அய்யா, இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வேற்றிழை" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

முதல் பதிவில் ஒன்றை எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன். விரிப்பின் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிற ஒட்டு இருக்கிறது. நேற்று அத்தை வந்திருந்தார். அதைத் தொட்டதும், "அதுல கைய வைக்காத, அது தனுஷ்கோடிச் சீல" என்றார். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தபோது எங்கள் குடும்பம் தனுஷ்கோடியில்தான் இருந்தது. அத்தைக்கு அப்போது இரண்டு வயது. தண்ணீர் வீட்டுக்குள் ஏறியதும் அப்பத்தா கட்டியிருந்த சீலையை அவிழ்த்து, அதிலேயே அத்தையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மணல்மேட்டில் ஏறினாராம். பாம்பனிலிருந்து வந்த ரயிலையே கடல் கொண்டுபோன ராத்திரி அது. அந்தச் சீலையின் மிச்சம் என்கிறார் அத்தை.

இப்போது நான் எப்படி அதன்மேல் பிள்ளையைப் போட்டு நனைய விடுவேன்?

மண்டபம் டெய்லர்

தங்கச்சி, நீங்கள் போட்டிருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மனது கஷ்டப்படக் கூடாது. அந்த ஊதா ஒட்டு பருத்தி மாதிரி தெரியவில்லை. பளபளப்பும் விளிம்பு சுருண்டிருப்பதும் நைலக்ஸ் என்ற நைலான் துணி மாதிரி இருக்கிறது. என் அப்பா கடையில் அந்த மாதிரித் துணி தைக்க வந்தது நான் பள்ளிக்கூடம் போன எழுபதுகளில்தான். அறுபத்து நாலில் ஒரு மீனவர் வீட்டில் அந்தச் சீலை இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

தெரிந்துகொள்ள வேண்டுமானால் உள்பக்கத்திலிருந்து ஒரே ஒரு இழை உருவித் தீயில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். நைலான் வகை என்றால் உருகிச் சுருண்டு கடினமான மணி மாதிரி நிற்கும்.

ஓலைக்குடா செல்வி

எதற்கு எரித்துப் பார்க்க வேண்டும்? அத்தை சொல்கிறார். போதாதா?

தொண்டி வாசகன்

செல்வி அக்காவின் கோபம் நியாயம். ஆனால் டெய்லர் அண்ணன் கேட்டதையும் ஒதுக்க வேண்டாம். அமெரிக்காவில் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. அடிமைகள் தப்பி ஓடுவதற்கு வழிகாட்ட, குவில்டில் ரகசியக் குறிகளைத் தைத்து வேலியில் தொங்கவிட்டார்கள் என்று ஒரு கதை. 1999-இல் வந்த ஒரு புத்தகத்தால் பரவி, பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டது. அக்காலச் சான்று எதுவும் இல்லை என்று வரலாற்றாளர்கள் மறுக்கிறார்கள். கதை அழகாக இருப்பதால் அதை யாரும் கைவிட மனமில்லாமல் இருக்கிறார்கள்.

அதற்குப் பக்கத்தில் ஹாரியட் பவர்ஸை வைத்துப் பாருங்கள். 1837-இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் காட்சிகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த அவருடைய குவில்டை 1886-இல் ஒரு கண்காட்சியில் ஓவிய ஆசிரியை ஒருவர் பார்த்து விலைக்குக் கேட்டார். தர மாட்டேன் என்றார். கஷ்ட காலம் வந்து 1891-இல் பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகும் தன் குவில்டைப் பார்த்துவிட்டுப் போகச் சில முறை அந்த வீட்டுக்கு வந்தார். விற்ற அன்று ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர் சொன்ன விளக்கத்தை வாங்கியவர் எழுதி வைத்தார். இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அதன் முன் நிற்பவர்களுக்கு எந்த உருவம் எது என்று தெரிவது அந்தக் குறிப்பால்தான்.

அதனால் கயல், எரித்துப் பார்க்கிறீர்களோ இல்லையோ, அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு ஒட்டாகத் தொட்டுக் காட்டச் சொல்லி, செல்போனில் பதிவு செய்யுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.

பாம்பன் கயல்

நான்கு நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

அத்தை சொன்னதைப் பதிவு செய்தோம். ஒன்றரை மணி நேரம் பேசினார். மஞ்சள் கட்டம் போட்டது அப்பா பிறந்தபோது தாய்வீட்டிலிருந்து வந்த சீலையாம். நடுவில் பச்சை, அத்தை பெரியமனுஷி ஆனபோது எடுத்த பாவாடை. பிறகு அத்தையிடமே கேட்டுத்தான் ஊதாவிலிருந்து ஒரு இழையை உருவினேன். தீயில் காட்டினேன். உருகிச் சுருண்டது. மணி மாதிரி நின்றது.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அத்தை கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. "மேல இருக்குறது எனக்குத் தெரியாதா? அது பின்னால போட்ட ஒட்டு. அடியில பாரு" என்றார். அம்மாதான் ஊசி முனையால் ஒட்டின் ஒரு பக்கத் தையலைப் பிரித்தார். கீழே இன்னொரு துணி. பருத்தி. சல்லடை மாதிரி ஆகிவிட்டது, விரல் வைத்தாலே பிய்கிறது. நிறம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஓரத் தையலுக்குள் மடங்கிக் கிடந்த இடத்தில் மட்டும் ஒரு நீலம் தெரிகிறது. அது நைய ஆரம்பித்ததும் அதைக் காப்பாற்றத்தான் அப்பத்தா மேலே ஊதாவைப் போட்டிருக்கிறார்.

அதுதான் அந்த ராத்திரிச் சீலையா என்று சொல்ல அத்தையை விட்டால் யாரும் இல்லை. நான் நம்புகிறேன்.

இன்னும் ஒன்று. பிரித்த இடத்தில் உள்ளே கைவிட்டுப் பார்த்தால், நடு மடிப்பில் சீலை இல்லை. அப்பத்தாவின் வீட்டுக்காரர், எங்கள் ஐயாவின் கைலி, அதற்கும் அடியில் பழைய வத்தைப் படகின் பாய்த்துணி. மேலே பார்த்தால் எதுவும் தெரியாது.

கீழக்கரை நிலா

ஐயாவின் கைலியா! 1942-இல் அலபாமாவில் மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்த கணவரின் வேலை உடுப்புகளை எடுத்து, அவரை நினைத்துப் போர்த்திக்கொள்ள ஒரு குவில்டு தைத்தார். முழங்கால் தேய்ந்த இடம், பை இருந்த இடத்தின் நிறம் எல்லாம் அப்படியே தெரியும். அவர் வெளியே தெரியும்படி வைத்தார். உங்கள் அப்பத்தா யாருக்கும் தெரியாமல் நடுவில் வைத்திருக்கிறார். இவ்வளவு வருடம் அதன்மேல்தான் படுத்திருந்திருக்கிறார்.

ஓலைக்குடா செல்வி

தங்கச்சி, இப்போது நானும் வேறு மாதிரி சொல்கிறேன். அந்த நீலத்தின்மேல் பிள்ளையைப் போட வேண்டாம். கண்ணாடியிலும் போட வேண்டாம்.

எங்கள் அம்மாச்சி செய்தது இது. பழைய விரிப்பு தாங்காது என்று ஆனதும், அதைத் தூக்கிப் போட மாட்டார். அப்படியே நடுவில் வைத்து, மேலும் கீழும் வேறு சீலை போட்டு, மறுபடி இழையோட்டிவிடுவார். பழசு உள்ளே போய்விடும். உங்கள் அப்பத்தா ஊதாவை வைத்துச் செய்ததும் இதுதானே? உங்கள் சீலை ஒன்று, மதினி சீலை ஒன்று. பருத்தியாக இருக்கட்டும்.

மண்டபம் டெய்லர்

நல்ல யோசனை. மிஷினில் மட்டும் ஓட்டாதீர்கள், நைந்த துணியை ஊசி வரிசையாக அறுத்துவிடும். கையால், அரை அங்குல இடைவெளியில், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கள், அப்போதுதான் சுருக்கம் விழாது. கர்நாடகத்தில் சித்தி என்று ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் இருக்கிறார்கள், அந்தப் பெண்கள் ஓரத்திலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றித் தைத்து, நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியை வைப்பார்கள். அதற்குப் பூ என்று பெயர், பூ இல்லாத விரிப்பு அவர்களுக்கு முடிந்த விரிப்பு இல்லை. அது பழகின கைக்கு வரும். முதல் முறை தைக்கும் உங்களுக்கு நடுவிலிருந்து போவதுதான் சுலபம்.

அதுவரை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்துக்குப் பூத்துவிடும். டிரங்குப் பெட்டித் துரு படாமல் வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். வேட்டியில் கஞ்சி இருக்கக் கூடாது, ராமபாணப் பூச்சி கஞ்சிக்குத்தான் வரும்.

பாம்பன் கயல்

நேற்று ஆரம்பித்துவிட்டோம். மேலே மதினியின் வளைகாப்புக்கு எடுத்த சுங்குடி. கீழே என்னுடையது, முதல் சம்பளத்தில் வாங்கின செட்டிநாட்டுக் கண்டாங்கி. பிரிக்கும்போது எடுத்த படங்களையும் அத்தையின் பேச்சையும் மூன்று இடத்தில் சேமித்துவிட்டேன்.

அம்மா நடுவில் உட்கார்ந்து தைக்கிறார். நானும் மதினியும் ஆளுக்கொரு பக்கம். என் தையல் வளைந்து வளைந்து போகிறது, அம்மா பிரிக்க விடவில்லை. இவ்வளவு நாள் பேசாமல் இருந்தவர், நேற்றுத்தான் சொன்னார். இந்த விரிப்பில் ஒரு வரிசை அவர் தைத்ததாம், கல்யாணமாகி வந்த முதல் வருடம். எந்த வரிசை என்று காட்டச் சொன்னோம். தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை.

டெய்லர் அண்ணா, ஒரு சந்தேகம். பாய்த்துணி இருக்கும் இடத்தில் சாதா ஊசி இறங்க மாட்டேன் என்கிறது. கோணி ஊசி போட்டால் ஓட்டை பெரிதாகிவிடுமா?

மண்டபம் டெய்லர்

போட வேண்டாம். மெத்தை தைக்கும் ஊசியில் சின்னது இருக்கிறது, இரண்டு தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பாம்பன் பக்கம் வருகிறேன்.